வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது

கேமராக்களை மாட்டி, ஹார்டு டிஸ்க்கில் பதிவு ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் எல்லா வீட்டிலும் எழும் அடுத்த கேள்வி, இதைப் போனில் பார்க்க முடியுமா என்பதுதான். முடியும். அதற்கு இன்று மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு ரெக்கார்டரை நேரடியாக இணையத்தில் வைப்பது பழைய வழி. கேமரா நிறுவனத்தின் ஆப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்ப்பது இப்போது பெரும்பாலானவர்கள் போகும் வழி. விபிஎன் மூலம் முதலில் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்து, பிறகு ரெக்கார்டரைத் திறப்பது மூன்றாவது. மூன்றிலும் திரையில் தெரியும் படம் ஒன்றுதான், அதனால் எதுவானால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் மூன்றும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று தெரிந்துவிடும்: உங்கள் ரெக்கார்டரின் லாகின் பக்கம் வரை வந்து நிற்க யாரால் முடியும்? முதல் வழியில் உலகத்தில் யாராலும் முடியும். இரண்டாவதில் அந்த நிறுவனத்தின் சர்வர் யாரையெல்லாம் அனுமதிக்கிறதோ அவர்களால் முடியும். மூன்றாவதில் நீங்கள் சாவி கொடுத்த போன்களால் மட்டுமே முடியும். முதல் வழியை அடியோடு விட்டுவிடுங்கள், இரண்டாவதைச் சில நிபந்தனைகளோடு பயன்படுத்துங்கள், கொஞ்சம் மெனக்கெட முடிந்தால் மூன்றாவதற்கு வந்துவிடுங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் பரிந்துரை. அதற்கான காரணங்களை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கேமரா மாட்ட வருபவர் இதற்கு நேர் எதிராகச் சொல்லக்கூடும்.

போர்ட் திறப்பது என்றால் என்ன? வீட்டில் இருக்கும் போன், டிவி, ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் வெளியுலகில் ஒரே ஐபி முகவரிதான். வெளியிலிருந்து தானாக வரும் எந்தத் தொடர்பையும் ரவுட்டர் உள்ளே விடாது. 80, 554, 8000, 37777 போன்ற எண்களில் வருவதை மட்டும் ரெக்கார்டருக்கு அனுப்பு என்று ரவுட்டருக்கு உத்தரவு கொடுப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். இதை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்லும் சமாதானம், நம்முடைய ஐபி முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்பது. தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இசட்மேப் என்ற மென்பொருள், நல்ல இணைய இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து இத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்பவர்களுக்கு 2009 முதல் ஷோடான் என்ற தேடுபொறி இருக்கிறது. இணையத்தில் திறந்து கிடக்கும் ரெக்கார்டர்களை நிறுவனம், மாடல், ஊர் வாரியாக அதில் தேடலாம். வழக்கமான எண்ணை விட்டுவிட்டு 48213 மாதிரி ஒரு விசித்திர எண்ணைக் கொடுத்துவிட்டோம் என்பதும் பெரிய பாதுகாப்பில்லை. மொத்தம் இருப்பதே 65,535 எண்கள். எந்த எண்ணில் இருந்தாலும், தட்டியதும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு லாகின் பக்கத்தை நீட்டும் பழக்கம் ரெக்கார்டருக்கு உண்டு.

சரி, கண்டுபிடிக்கட்டும், என் வீட்டு வாசலையும் கார் ஷெட்டையும் பார்த்து யாருக்கு என்ன லாபம்? இந்த ஆட்சேபத்துக்கு 2016 பதில் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு மிராய் என்ற தீநிரல் இணையம் முழுக்க டிவிஆர்களையும் ஐபி கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் இணையதளத்தின் மீது நொடிக்கு 620 கிகாபிட் அளவில் போக்குவரத்தைக் கொட்டியது. அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் அமெரிக்காவின் பல பகுதிகளில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட் எல்லாம் திறக்கவில்லை. மிராயை எழுதியதாக 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூன்று இளைஞர்களின் தொடக்க நோக்கம், மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் நடத்துபவர்களுக்குள் இருந்த போட்டியில் எதிராளியை முடக்குவது. யார் வீட்டுக் கேமராவில் என்ன தெரிகிறது என்று அவர்கள் பார்க்கவே இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது, இரவு பகலாக இணையத்தில் இருக்கும் ஒரு சிறு கணினி. உங்கள் ரெக்கார்டர் அதுதான். வீட்டு நெட்வொர்க்கின் உள்ளே உட்கார்ந்திருக்கும் அது அடுத்தவர் கைக்குப் போனால், பக்கத்திலிருக்கும் மற்ற கணினிகளையும் அங்கிருந்தே துழாவலாம். படத்துக்காகவே தேடுபவர்களும் இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் உள்ளே பதிவான காட்சிகள் டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டது வெளியே வந்தது. பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் அவை. விசாரணை வேறு பல இடங்களின் கேமராக்களுக்கும் நீண்டது. 'அட்மின்123' என்பது போன்ற, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்று செய்திகள் கூறின.

அப்படியானால் நல்ல பாஸ்வேர்டு வைத்தால் தீர்ந்ததா என்று கேட்பது நியாயம்தான். பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் திறந்த போர்ட்டை அது காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். மிராய் உள்ளே நுழைய முயன்று பார்த்த பட்டியலில் சுமார் 60 பயனர் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் இருந்தன. அவற்றில் ஒன்று சியாங்மாய் என்ற சீன நிறுவனத்தின் சர்க்யூட் போர்டுகளில் ஆலையிலேயே பதித்த டெல்நெட் பாஸ்வேர்டு. வாங்கியவர் ரெக்கார்டரின் மெனுவில் போய் என்ன பாஸ்வேர்டு வைத்தாலும் இது மாறாது. மாற்ற மெனுவில் இடமும் கிடையாது. ஒழுங்காக இருந்தவரும் அகப்பட்டுக்கொண்டது இப்படித்தான். 2017-இல் ஹிக்விஷன் கேமராக்கள் சிலவற்றில் தெரியவந்த ஓட்டை இன்னும் எளிது: பிரவுசரில் முகவரியின் கடைசியில் ஒரு சிறு எழுத்துச் சரத்தை ஒட்டினால் போதும், லாகின் கேட்காமலே பயனர் பட்டியலையும் கேமராவின் அப்போதைய படத்தையும் எடுத்துக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் பல மாடல்களில் வேறொரு ஓட்டை வெளியானது. பத்துக்கு 9.8 என்று அதன் தீவிரத்தை மதிப்பிட்டார்கள். வெப் போர்ட்டைத் தொட முடிந்தால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ இல்லாமல் சாதனத்தை முழுவதுமாகக் கைப்பற்றலாம். நிறுவனம் அப்போதே திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், 80,000-க்கும் மேற்பட்ட கேமராக்கள் திருத்தம் செய்யப்படாமலே இணையத்தில் திறந்து கிடந்ததை சைஃபர்மா என்ற நிறுவனம் எண்ணிச் சொன்னது. ஃபெர்ம்வேரை அப்டேட் செய்தால் போதுமே என்பவர்களுக்கான விடையும் இதில் இருக்கிறது. போன் தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்கிறது. பரணுக்கு அடியில் மாட்டிய டிவிஆரை யாரும் ஐந்தாண்டுக்குத் தொடுவதில்லை. ஓட்டை இனிமேல் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால், அந்த ஓட்டை வரை யாரும் வந்து சேர முடியாதபடி பார்த்துக்கொள்வதுதான் வீட்டுக்காரரால் ஆகக்கூடிய காரியம்.

மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்த சிசிடிவி பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதன்படி விற்பனைக்கு வரும் புதிய கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியாக வேண்டும். நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே சுவரில் மாட்டியிருக்கும் கேமராவை அந்த விதி மாற்றிவிடாது.

இனி க்யூஆர் கோடு வழி. ஹிக்-கனெக்ட், டிஎம்எஸ்எஸ், எக்ஸ்எம்ஐ போன்ற ஆப்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. இதில் ரெக்கார்டர் தானே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்கிறது. உங்கள் போனும் அதே சர்வருக்குப் போகிறது. சர்வர் இரண்டையும் கோத்துவிடுகிறது. ரவுட்டரில் போர்ட் எதுவும் திறக்க வேண்டியதில்லை, அந்த அளவில் இது முதல் வழியைவிட எவ்வளவோ மேல். ஆனால் ரெக்கார்டர் வரை யார் வரலாம் என்ற முடிவு இப்போது உங்கள் கையில் இல்லை. 2018 அக்டோபரில் செக் கன்சல்ட் என்ற ஆஸ்திரிய நிறுவனம் எக்ஸ்எம்ஐ சேவையை ஆராய்ந்து சொன்னதைக் கவனியுங்கள். சாதனத்தின் அடையாள எண் அதன் மேக் முகவரியிலிருந்து கணக்கிடப்பட்டதால் ஊகிக்க முடிந்தது. அட்மின் கணக்குக்கு ஆலையில் பாஸ்வேர்டே வைக்கவில்லை. மெனுவில் காட்டாத 'டீஃபால்ட்' என்ற இன்னொரு கணக்கும் இருந்தது. அதன் பாஸ்வேர்டு அதே ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து முன்னாக எழுதியது. சுமார் 90 லட்சம் சாதனங்கள் அந்தச் சேவையில் இருந்தன. சியாங்மாய் பலகையை உள்ளே வைத்து வேறு வேறு பெயரில் விற்பவர்கள் ஏராளம் என்பதால், பெட்டியின் மேலிருக்கும் பெயரைப் பார்த்து நமக்கில்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. உங்கள் ரெக்கார்டர் எக்ஸ்எம்ஐ ஆப்பைக் கேட்டால் உள்ளே யார் என்று புரிந்துகொள்ளலாம். பெரிய, பெயர் பெற்ற சேவைகளிலும் வழுக்கல் உண்டு. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் சர்வர் கோளாறால் சுமார் 13,000 பேருடைய ஆப்பில் அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படங்கள் வந்து விழுந்தன. படம் கசிந்ததற்குக் காரணம் யாரும் பாஸ்வேர்டை அசட்டையாக வைத்தது அன்று.

ஆனாலும் பலர் இந்த வழியில்தான் இருப்பார்கள். அவர்கள் உடனே சரிபார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, நம் ஊரில் சர்வர் ஓட்டைகளைவிட இதுவே பெரிய ஆபத்து என்பது என் கருத்து. கேமரா மாட்ட வந்தவர் முதலில் தன் போனில் ஸ்கேன் செய்து பார்க்கிறார். ரெக்கார்டர் அவருடைய கணக்கில் பதிவாகிறது. பிறகு அதை உங்களுக்கு 'ஷேர்' செய்துவிட்டுப் போகிறார். உங்கள் போனில் படம் தெரிகிறது, வேலை முடிந்தது என்று பணத்தைக் கொடுக்கிறீர்கள். ஆனால் அந்தச் சேவையைப் பொறுத்தவரை ரெக்கார்டரின் சொந்தக்காரர் அவர்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம், பிரச்சினை அதுவன்று. அவருடைய ஒரே கணக்கில் நூறு வீடுகள் இருக்கலாம், அந்த ஒரு பாஸ்வேர்டு கசிந்தால் நூறு வீடும் கசியும். ஆப்பில் உங்கள் ரெக்கார்டரின் பெயருக்கு அருகே 'ஷேர்டு' என்றோ யாரிடமிருந்து பகிரப்பட்டது என்றோ காட்டினால், அவரை அழைத்துத் தன் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் மொபைல் எண்ணில் புதிதாகச் சேருங்கள். ரெக்கார்டரின் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே தட்டச்சு செய்து மாற்றுங்கள். ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வெரிஃபிகேஷன் கோடையும் மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள், ஸ்ட்ரீம் என்கிரிப்ஷனையும் ஓடிபி முறையையும் ஆன் செய்யுங்கள். ஒரே கணக்கை வீட்டில் ஐந்து பேர் பயன்படுத்தாமல் ஆளுக்கொரு கணக்கு வைத்து நீங்கள் ஷேர் செய்யுங்கள், யாரை வேண்டுமானாலும் தனியாக விலக்க முடியும். படுக்கையறை, குழந்தைகள் அறைப் பக்கம் திரும்பிய கேமரா எதையும் இந்தச் சேவையில் சேர்க்காதீர்கள். அங்கே கேமராவே வேண்டாம் என்பதுதான் சரி.

மூன்றாவது வழியின் அடிப்படை எளிமையானது. வெளியே இருக்கும் போனை, வீட்டு வைஃபையில் இருக்கும் போன் போல ஆக்கிவிடுவது. அதன்பின் ரெக்கார்டருக்கு இணையத்தோடு எந்த வேலையும் இல்லை. விபிஎன்னுக்கும் ஒரு போர்ட் திறக்க வேண்டுமே, அதையும் தட்டுவார்களே என்ற கேள்வி இங்கே நியாயமாக வரும். வயர்கார்டு என்ற விபிஎன் இதற்கு ஒழுங்கான பதில் வைத்திருக்கிறது: பொருத்தமான சாவியோடு வராத எவருக்கும் அது பதிலே சொல்லாது. தட்டுபவருக்கு அங்கே ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். சில ஆயிரம் வரிகளில் அடங்கும் சிறிய நிரல் என்பதால் பல வல்லுநர்கள் அதை வரிவரியாகப் படித்திருக்கிறார்கள், 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ரெக்கார்டர் நிறுவனம் எழுதிய லாகின் பக்கத்தோடு இதை ஒரே தட்டில் வைக்க முடியாது.

தொடங்கும் முன் ஒரு சோதனை. ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் வேன் ஐபி என்ற எண்ணைப் பாருங்கள். பிரவுசரில் என் ஐபி என்ன என்று தேடினால் வரும் எண்ணோடு அது ஒத்துப்போனால் உங்களுக்கு நேரடி முகவரி இருக்கிறது. ரவுட்டரிலேயே வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் சர்வர் வசதி இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாமல், வேன் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். ஜியோ உட்பட இந்தியாவில் பல இணைப்புகள் இப்படித்தான். இதில் போர்ட் திறந்தாலும் பயனில்லை. ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கட்டச் சொல்வார்கள். கேமரா பார்ப்பதற்காக மட்டும் அதைக் கட்ட வேண்டாம். டெய்ல்ஸ்கேல் போன்ற சேவை, வயர்கார்டையே அடிப்படையாக வைத்து, இரு பக்கமும் வெளியே போய்ச் சந்திக்கும்படி செய்து சிஜிநாட்டைத் தாண்டிவிடுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். அதுவும் ஒரு நிறுவனம்தானே, க்யூஆர் ஆப்பைக் குறை சொல்லிவிட்டு இதை நம்பலாமா? வேறுபாடு இருக்கிறது. திறக்கும் சாவி உங்கள் போனிலும் வீட்டுச் சாதனத்திலும் மட்டுமே இருக்கும், சர்வர் பொதுச் சாவிகளை அறிமுகப்படுத்துவதோடு சரி. நேர்வழி கிடைக்காமல் அவர்களுடைய இடைநிலை சர்வர் வழியாகப் போனாலும் படம் பூட்டிய நிலையிலேயே போகிறது. ஆனால் அந்தக் கணக்கில் நுழைபவர் புதிய சாதனத்தைச் சேர்த்துவிட முடியும் என்பதால், அதில் நுழையப் பயன்படும் மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ரவுட்டரிலும் ரெக்கார்டரிலும் யுபிஎன்பி என்பதை அணையுங்கள். இது இருந்தால் ரெக்கார்டர் உங்களைக் கேட்காமல் ரவுட்டரிடம் சொல்லித் தானே போர்ட்டைத் திறந்துகொள்ளும். போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலில் பழைய வரிகள் இருந்தால் அழியுங்கள். அடுத்து வீட்டு நெட்வொர்க்கின் எண் வரிசையை மாற்றுங்கள், பலர் தடுமாறும் இடம் இது. ஏராளமான ரவுட்டர்கள் 192.168.1 என்ற வரிசையிலேயே வருகின்றன. மதுரையில் அப்பா வீட்டிலும் அதே வரிசை, பெங்களூரில் மகன் வீட்டிலும் அதே வரிசை என்றால், 192.168.1.50-இல் இருக்கும் ரெக்கார்டரைக் கேட்கும் போன் அதைப் பெங்களூர் வீட்டிலேயே தேடிக்கொண்டிருக்கலாம். அப்பா வீட்டை 192.168.37 என்பது போல அதிகம் யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றிவிட்டால் குழப்பம் தீரும். அதில் ரெக்கார்டருக்கு நிலையான ஓர் எண்ணை ஒதுக்குங்கள். பிறகு எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினியில், ஒரு ராஸ்பெரி பை தாராளமாகப் போதும், டெய்ல்ஸ்கேலை நிறுவி, அதை வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதை காட்டும் 'சப்நெட் ரவுட்டர்' ஆக்குங்கள். நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பாதைக்கு ஒப்புதல் கொடுக்கவும், அந்தக் கணினிக்கு 'கீ எக்ஸ்பைரி' என்பதை அணைக்கவும் மறக்க வேண்டாம். அணைக்காவிட்டால் வழக்கமான 180 நாள் முடிந்ததும் இணைப்பு அறுந்துவிடும், நீங்கள் அப்போது வெளியூரில் இருப்பீர்கள். ரெக்கார்டரில் போனுக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, பார்ப்பதற்கும் பழைய பதிவை ஓட்டுவதற்கும் மட்டும் அனுமதி கொடுங்கள். போன் ஆப்பில் க்யூஆர் கோடுக்குப் பதிலாக ஐபி முகவரி கொடுத்துச் சேர்க்கும் வசதி இருக்கும், அதில் 192.168.37 எண்ணைக் கொடுங்கள்.

வயதான பெற்றோருக்கு விபிஎன்னை ஆன் செய்து, ஆஃப் செய்து என்று பழக்க முடியுமா? முடியாது, தேவையுமில்லை. ஆண்ட்ராய்டில் 'எப்போதும் ஆன்' என்று ஒருமுறை வைத்துவிட்டால் அவர்கள் வழக்கம்போல ஆப்பை மட்டும் திறப்பார்கள். வேகம் குறையும் என்ற பயத்துக்கும் அடிப்படை குறைவு. தடை பெரும்பாலும் வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தில் இருக்கிறது. நான்கு கேமராவும் நொடிக்குத் தலா 2 மெகாபிட் என்றால் வெளியே போக 8 மெகாபிட் வேண்டும். போன் திரைக்கு அத்தனை துல்லியம் தேவையில்லை, 'சப் ஸ்ட்ரீம்' தேர்ந்தெடுத்தால் கேமராவுக்கு அரை மெகாபிட் போதும். ஹார்டு டிஸ்க்கில் முழுத் துல்லியத்திலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்: அந்த 8 மெகாபிட் கணக்குப்படி நாளுக்கு 86 ஜிபி, ஒரு டிபி டிஸ்க்கில் சுமார் 11 நாள்.

முடித்ததும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இரண்டு முறை சோதியுங்கள். விபிஎன் ஆனில் படம் வர வேண்டும், ஆஃபில் வரக் கூடாது. ஆஃபிலும் வந்தால் நிறுவனத்தின் கிளவுட் சேவை இன்னும் ஓடுகிறது என்று பொருள். ரெக்கார்டரின் நெட்வொர்க் மெனுவில் போய் அதை அணையுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, ஃபைபர் மோடம், ரவுட்டர், ராஸ்பெரி பை, ரெக்கார்டர் நான்கும் யாரும் தொடாமலே எழுந்து வருகின்றனவா என்று பாருங்கள். இந்த நான்கில் ஒன்று யுபிஎஸ்ஸுக்கு வெளியே இருந்தாலும் மின்வெட்டின்போது பார்க்க முடியாது. கிளவுடை அணைத்த ரெக்கார்டரின் கடிகாரம் மெல்ல விலகலாம், அதனால் நேரத்தை ரவுட்டரிடமிருந்தோ ராஸ்பெரி பையிடமிருந்தோ எடுக்கும்படி என்டிபி அமைப்பில் சொல்லுங்கள். போலீசுக்குக் கொடுக்கும் பதிவில் நேரம் தப்பாக இருந்தால் பாதிப் பயன் போய்விடும். போன் தொலைந்தால் டெய்ல்ஸ்கேல் நிர்வாகப் பக்கத்தில் அந்தப் போனை நீக்கி, ரெக்கார்டரில் அந்தப் பயனரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும், பென்டிரைவைச் செருகிப் பதிவை எடுக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வையுங்கள். பதிவு தேவைப்படும் நாளில் வீட்டில் இருப்பவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.